பங்களாவின் மூன்றாவது வாசல்

நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில், இப்போது ஹோட்டலாகிவிட்ட துரை பங்களாவின் படங்களைப் போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. இதயமும் ரோஜாப்பூவும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. முன்படிக்கட்டில் நாம் எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. நரை, வழுக்கை, முழங்கால் பட்டி எல்லாவற்றையும் மீறி அதில் நாம் கொஞ்சம் துரைமார் மாதிரிதான் தெரிகிறோம். பொய் சொல்வானேன், எனக்கும் அந்தப் படம் பிடித்தது.

அந்தப் படத்துக்குக் கீழே, அத்தனை பூவுக்கும் நடுவில், ஒரு கேள்வி கிடக்கிறது. நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ. இந்திய நம்பர். பேர் போடவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி. "அந்த கக்கூஸ் பக்கத்து வாசல் இன்னும் இருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. ஒருவரும் பதில் போடவில்லை. கீழ்லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த நண்பர் மட்டும் சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் போட்டு, "பங்களாவுக்குப் போய் கக்கூஸையா பாப்பாங்க" என்று எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை, எனக்கு வந்தது.

கேட்டது யார் என்று எனக்குத் தெரியும். நம் வகுப்பில் கடைசி வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தாளே, கூட்டிக் கழுவ வரும் வாசக்கூட்டியின் மகள், அவள்தான். ஏழு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். ஒரு வரியில் அடங்கமாட்டேன் என்கிறது. அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

அன்று பங்களாவைச் சுற்றிக் காட்டும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். துரைக்குச் சமைத்துப்போட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த அப்பு என் அப்பா என்பதால், வீட்டின் உள்ளும் புறமும் எனக்குத்தான் தெரியும் என்றீர்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரிட்டயராகிப் பத்து வருடமானாலும் டீச்சருக்கு முன்னால் பத்துப் பேர் நின்றால் போதுமே. கருங்கல்லை ஆள் வைத்துப் பிளந்து கட்டிய சுவரைக் காட்டினேன். கூரையின் விளிம்பில் பலகையைப் பூப்பூவாக அறுத்துத் தொங்கவிட்டிருப்பதைக் காட்டினேன். மூன்று பக்கமும் கண்ணாடியாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் சன்னலில், குளிருக்குள் உட்காராமலே வெயிலில் உட்காரலாம் என்றேன். அறைக்கு அறை கணப்பு, கணப்புக்கு ஒரு புகைபோக்கி, பலகைத் தரைக்குக் கீழே காற்றோட ஒரு முழ இடைவெளி. எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் மழையும் பனியும் எப்படி வருமோ அதற்கேற்றபடி கட்டிய வீடு என்று நீங்கள் வியந்தீர்கள்.

ஆட்கள் எப்படி வர வேண்டுமோ அதற்கேற்றபடியும் கட்டிய வீடு அது. அதை நான் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு மூன்று வாசல். முன்வாசல் துரைக்கும் துரைசானிக்கும் விருந்தாளிக்கும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் ஆபீஸ் பெரிய கிளாக்கரும்கூட அதில் ஏறமாட்டார்கள். ஆபீஸ் அறைச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். இரண்டாவது, பின்னால் தனியாக நின்ற சமையல் குசினியிலிருந்து தகரக் கூரை போட்ட நடை ஒன்று வந்து சேரும் வாசல். அது அப்பாவுக்கும் மற்ற வேலைக்காரர்களுக்கும். மூன்றாவது, குளியலறையிலிருந்து நேரே வெளியே திறக்கும் வாசல். வாளியோடு வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து, கழுவி, வந்த வழியே போய்விட வேண்டும் என்பதற்காக வைத்த வாசல். இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் வந்து, வாளி போய் வெகு காலம் ஆகியிருந்தது. வாசல் மட்டும் போகவில்லை.

லயத்திலும் பங்களாவிலும் கூட்டிக் கழுவுகிறவரை வாசக்கூட்டி என்றுதான் தோட்டமே சொன்னது. யோசித்துப் பாருங்கள், நம் தோட்டத்தில் யாரை நாம் முறை வைக்காமல் கூப்பிட்டோம்? கொழுந்து நிறுப்பவர் மாமா, பிள்ளை மடுவத்தில் நம்மைப் பார்த்துக்கொண்டவர் பெரியம்மா, பால்காரர் சித்தப்பா. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் கூப்பிட்டோம். அவருக்கு மட்டும் ஒரு முறையும் கொடுக்கவில்லை. எங்கள் வேலியில் அவருக்கென்று ஒரு தகரக் குவளை தொங்கும். அம்மா தேத்தண்ணியைக் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. அதைப் பார்த்து அம்மாவின் கைத்திறமை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருடம் பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை வரும்வரை இரண்டு மூன்று மாதம் பங்களா சும்மா கிடந்தது. சிவனொளிபாத மலைக்குக் கூட்டம் போகும் காலம் அது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களின் சத்தம் பகலெல்லாம் கீழ் ரோட்டில் கேட்கும். புதுத் துரை எந்த நாளும் வரலாம் என்று அப்பா வாரம் இரண்டு தடவை சன்னல்களைத் திறந்து, தரைக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பார். அந்த மெழுகு வாசம் அவர் சட்டையில் எங்கள் குவாட்டர்ஸ் வரைக்கும் வரும். எனக்கு ஒன்பது வயது. பங்களாவின் முற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் குசினிக்கு அப்பால் ஒரு அடி வைத்ததில்லை. அப்பா விடமாட்டார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசக்கூட்டியின் மகளும் நானும் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்ளமாட்டோம். திரும்பி வரும் வழியில், சவுக்குமர வளைவு தாண்டிய பிறகு பேசுவோம். அதுவும் என் ஏற்பாடுதான். ஒருநாள் அவள் சொன்னாள்:

"எங்கம்மா சாவிய படிக்கல்லுக்கு அடியில ஒரு பொந்துல வைப்பாங்க. ஒங்கப்பா அத தொட மாட்டாங்கள்ல, அதனால எங்கம்மாகிட்டயே குடுத்துட்டாங்க."

"உள்ளாற போவலாமா?"

"கக்கூஸுக்கு மட்டுந்தான் போவலாம். அதுக்கு அந்தாண்ட கதவு இருக்கு, அந்தப் பக்கமா தாப்பாள் போட்டிருக்கும். எங்கம்மாவே உள்ளாற ஒரு தடவகூட பாத்ததில்ல."

பின்னேர மழை தொடங்கியிருந்த நாள் ஒன்றில் போனோம். அப்பா குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பொந்துக்குள் கை விட்டுச் சாவியை எடுத்துத் திறந்தவள் அவள்தான். திறந்துவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"நீயும் வாடி."

"நா வரமாட்டேன். எங்கம்மாவுக்கு வேல போயிரும்."

அது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருந்த கவனம். அன்றைக்குப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

ஈரம் உலரட்டும் என்று அப்பா அந்த உள்கதவின் தாழ்ப்பாளை எடுத்து விட்டிருந்தார். தள்ளினேன், திறந்துகொண்டது. படுக்கையறை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய, அவ்வளவு சும்மா கிடக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. நம் லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த காம்பராக்கள் நான்கைச் சேர்த்தால்கூட அந்த ஓர் அறைக்கு வராது. மேலே பலகையில் பூ. சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளிறிய சதுரங்கள். தரை அப்படிப் பளபளத்தது, என் கவுனின் சிவப்பு அதில் தெரிந்தது. முன் கூடத்துக்குப் போகும் கதவில் வெள்ளைப் பீங்கானில் ஒரு குமிழ், அதைச் சுற்றி நீலத்தில் பொடிப் பூக்கள். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. திருகினேன், இழுத்தேன். கதவு வரவில்லை, குமிழ் கையோடு வந்துவிட்டது.

திரும்பப் பொருத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கவுன் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். வெளியே மழையில் நனைந்தபடி அவள் நின்றாள். சாவியைப் பழையபடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உள்ளாற எப்பிடி இருக்கு? சொல்லு. எங்கம்மாகிட்ட சொல்லணும்."

சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். குமிழைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா சன்னல்களைச் சாத்தப் போய்த் திரும்பி வந்தார். அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் உட்காரவைத்து என் பாதங்களைத் தேங்காய் நாரால் தேய்த்தார். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று தோல் சிவக்கும்வரை தேய்த்தார். "ரெண்டு நாளைக்கு பங்களாப் பக்கம் வராத" என்று மட்டும் சொன்னார். மழையில் நனைந்த பிள்ளைக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று செய்கிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், விசாரணை. துரை இல்லாத நாளில் கண்டாக்கையாதான் எல்லாம். பள்ளிக்கூடம் போகிற வழி அதுதானே, நாமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தோம். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மெழுகுத் தரையில் குளியலறையிலிருந்து சேற்றுக் காலடி போயிருக்கிறது, கதவுக் குமிழைக் காணவில்லை என்று அப்பா சொன்னார்.

"காலடி எங்க அப்பு?" என்று கண்டாக்கையா கேட்டார்.

"தொடச்சிட்டேங்க. விட்டா தர பாழாப்போயிருங்க."

கண்டாக்கையா வாசக்கூட்டி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"பதினஞ்சு வருசமா கழுவுறேங்க. கதவுக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு எனக்கு தெரியாதுங்க, சாமி சத்தியமா தெரியாது."

"அந்த வாசலால வேற யாரு போவா? நீயே சொல்லு. நா போவேனா? அப்பு போவாரா?"

அதற்குமேல் அங்கே யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அந்த வாசலால் வேறு ஒரு மனுஷப் பிறவி போகும் என்று தோட்டத்தில் எவருக்குமே தோன்றவில்லை. சனிக்கிழமைக்குள் குமிழ் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் பேர் வெட்டிவிடுவேன் என்றார் கண்டாக்கையா. பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும், குடியிருக்கும் காம்பராவும் சேர்ந்து போகும். அது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தானே.

மகள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் பின்னேரம் இருவரும் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். வாசக்கூட்டி என் அம்மாவைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போயிர்றேன். புள்ளைங்க வெளையாட்டுக்கு செஞ்சிருக்கும். குமிழ குடுத்துட்டா நாங்க கீழ கெடந்துச்சுன்னு சொல்லி குடுத்துர்றோம். பாப்பா பேர எடுக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்த வாசலால போனியா சாமி?" என்றார்.

குமிழ் அப்போது என் புத்தகப் பைக்குள், வேலிக்கு இந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் இருந்தது.

"சீ! அந்த வாசலாலயா? நானா?"

இதுதான் நான் சொன்னது. மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "கேட்டியா? எம்புள்ள அந்த வாசல்ல கால வைப்பாளா? கேக்குறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

அந்த அம்மாள் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது, பெரட்டுக்களத்தில் அவரைத் தோற்கடித்த அதே வார்த்தைதானே. மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நான் இப்போது சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவள் நின்றாள்.

அடிக்குப் பயந்து மறைத்தேன் என்று எழுதலாம். சின்னப் பிள்ளைதானே என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். அது உண்மை இல்லை. குமிழ் உடைந்ததற்கு அப்பா இரண்டு அடி வைத்திருப்பார், அது எனக்குப் பழக்கம். அந்த வாசலால் போனவள் என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் சொல்வீர்களே, என் பக்கத்தில் உட்காரமாட்டீர்களே, கடைசி வாங்கில் அவள் பக்கத்தில் என்னை உட்காரவைப்பீர்களே, அதற்குத்தான் பயந்தேன். திருடி என்ற பேர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளைப் போல ஆகிவிடுவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது ஓடைப் பாலத்தில் நின்று குமிழைத் தண்ணீரில் போட்டேன். அந்தப் படிக்கல்லுக்கு அடியில் போட்டிருந்தாலாவது சனிக்கிழமைக்குள் கிடைத்தது என்று விட்டிருப்பார்கள். தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாசலுக்குப் பக்கத்தில் யாராவது என்னைப் பார்த்துவிட்டால்?

பேர் வெட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் தாயும் மகளும் கீழ் ரோட்டில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டையோடு நின்றதை நான் மேலிருந்து பார்த்தேன். யாத்திரைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்த பஸ்கள் ஒன்றும் நிற்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்து நான் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றார்கள். கினிகத்தேனைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவள் போன பிறகு கடைசி வாங்கு காலியாகவே கிடந்தது.

அப்பாவின் விஷயம் எனக்குப் புரிய இன்னும் முப்பது வருடம் பிடித்தது. என் மகளின் காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோது ஒருநாள், கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். தரையில் பதிந்திருந்தது ஒன்பது வயதுப் பாதம். அப்பாவுக்கு அது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கண்டாக்கையா வருவதற்குள் துடைத்தார். என் காலைத் தேய்த்தது சளிக்காக அல்ல. அந்த வாசலின் தீட்டைத்தான் தேய்த்து எடுத்தார். அதற்குப் பிறகுதான் பெரட்டுக்களத்துக்குப் போய் முறைப்பாடு சொன்னார். மகள் அந்த வாசலால் போனவள் என்றால் அப்பு சமைத்த சோற்றைத் தோட்டத்துக் கல்யாண வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? எனக்கு இருந்த பயம் அவரிடமிருந்து வந்ததுதான். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடம். நாங்கள் இதைப் பற்றி ஒரு தடவையும் பேசவில்லை. பேசாததற்கு எனக்கு ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஹோட்டலில் அந்த இளம் மேனேஜர் கதவுக் குமிழ்களைக் காட்டினாரே. "எல்லாம் அந்தக் காலத்து ஒரிஜினல். இது ஒண்ணு மட்டும் பித்தளை. அப்பவே யாரோ வேலைக்காரி தூக்கிட்டுப் போயிட்டாளாம்" என்றார். அப்பாவின் முறைப்பாடு, சுவரும் புகைபோக்கியும் போல, அந்த வீட்டோடு சேர்ந்து நின்றுவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். முப்பது வருடம் கரும்பலகையில் 'உண்மை பேசு' என்று எழுதிய கை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னைக் காணவில்லை என்று தேடினீர்கள். நான் பக்கவாட்டில் போயிருந்தேன். வாசல் இருக்கிறது. வெள்ளை அடித்து, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்தபடி மலை பார்க்கிற இடமாக வைத்திருக்கிறார்கள். படிக்கல் அதே கல். குனிய முடியாமல் குனிந்து பொந்துக்குள் கை விட்டுப் பார்த்தேன், ஈர மண்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நான்கடி நடந்தால் உங்களோடு வந்து சேர்ந்திருக்கலாம். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலால்தான் வந்தேன். கால் அங்கே ஏறவில்லை. இந்த வயதிலும் ஏறவில்லை என்பதை என்னவென்று சொல்ல.

செம்பருத்திப் படம் வைத்திருப்பவளே, நீ கேட்டதற்கு ஏழு நாள் கழித்துப் பதில் சொல்கிறேன். உன் அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. இருந்தால் படித்துக் காட்டு. இல்லையென்றால் நீயாவது தெரிந்துகொள். நீ அன்றைக்கே தெரிந்துகொண்டவள், இந்தக் குழுவில் இருக்கிற மற்றவர்களாவது தெரிந்துகொள்ளட்டும். அந்த வாசல் இன்னும் இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போனது நான்தான். உன் அம்மா போகவில்லை, அத்தை போகவில்லை.